ஃபைபர் உடம்பு துருப்பிடிக்காது, சரி. அடியில் இருக்கும் இரும்பு?

கேள்வி: குளச்சலில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. ஆறு மாதம் முன்பு கொச்சியில் ஒருவரிடம் 2001 மாடல் சான் ஸ்டார்ம் வாங்கினேன், இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். ஃபைபர் பாடி, துரு பயமே வேண்டாம் என்று சொல்லித்தான் விற்றார். போன வாரம் பஞ்சருக்காக ஜாக்கி வைத்தபோது அடியில் எட்டிப் பார்த்தேன். காரைத் தாங்கும் இரும்புச் சட்டம் (சேஸிஸ்) முழுக்கச் செம்பழுப்பு. விரலால் தேய்த்தால் சில இடங்களில் செதில் செதிலாக உதிர்கிறது. தெரிந்த மெக்கானிக் கரி ஆயில், அதாவது எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயில், அடித்தால் போதும் என்கிறார். நாகர்கோவிலில் ஒரு கடையில் ரப்பர் கோட்டிங் அடித்துத் தருகிறோம், ஐந்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்கிறார்கள். வெல்டிங் வேலை செய்யும் என் மச்சான், எல்லாவற்றையும் கிரைண்டரில் சுரண்டி ரெட் ஆக்சைடு அடி என்கிறான். கடலுக்குப் போகும் அப்பா, படகில் வைப்பதுபோல் ஒரு துத்தநாகக் கட்டி வைத்தால் என்ன என்று கேட்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வீட்டிலேயே செய்ய முடியுமா?

பதில்: தம்பி, உங்களுக்கு விற்றவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொன்னார். சான் ஸ்டார்மின் மேல் உடம்பு கண்ணாடி நார். அது துருப்பிடிக்காது. ஆனால் அதைச் சுமப்பது எஃகுச் சட்டம். இரும்பு பாடி கார் என்றால் கதவுக்குக் கீழேயும் வீல் ஆர்ச்சிலும் பெயின்ட் கொப்பளித்து முன்கூட்டியே சேதி சொல்லிவிடும். ஃபைபர் காரில் அந்தச் சேதி வராது. மேலே பளபளவென்று இருக்கும்போதே கீழே சட்டம் தேய்ந்துகொண்டிருக்கும். கோவாவில் செய்த கார், கொச்சியில் இருந்தது, இப்போது குளச்சல். மூன்றும் உப்புக்காற்று அடிக்கிற ஊர்கள்.

நான்கு பேர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் நான்கு பேருமே மேலே எதைப் பூசுவது என்றுதான் பேசுகிறார்கள். உள்ளே ஏறியிருக்கும் உப்பை எப்படி வெளியே எடுப்பது என்று ஒருவரும் பேசவில்லை. உங்கள் வேலையில் முக்கால் பங்கு அதுதான். உப்பைக் கழுவி, காய வைத்து முடித்தபின் பூசும் சாதாரண மெழுகு, உப்பின் மேல் பூசும் விலை கூடிய எந்தக் கோட்டிங்கையும்விட நன்றாக உழைக்கும்.

காரணம் இதுதான். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்காகிறது. அதோடு உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண சமையல் உப்பே கரைந்து நீராகிவிடும். நம் கடற்கரையில் ராத்திரி நேரத்தில் அந்த அளவு ஈரம் சர்வசாதாரணம். ஆக, மழையே பெய்யாவிட்டாலும் உங்கள் சட்டம் தினமும் ராத்திரி நனைகிறது. துருச் செதிலுக்கு அடியில், சின்னச் சின்னக் குழிகளுக்குள் இந்த உப்பு உட்கார்ந்திருக்கும். அதன் மேல் என்ன பெயின்ட் அடித்தாலும் சில மாதத்தில் கொப்பளித்து எழும்.

வேலை தொடங்கும் முன் காரைச் சரியாகத் தூக்க வேண்டும். ஃபைபரில் ஜாக்கி வைக்காதீர்கள், விரிசல் விட்டுவிடும். சட்டத்தின் இரும்பில், கெட்டியாக இருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். தூக்கிய பின் ஜாக்கி ஸ்டாண்டில் இறக்கிவிட்டுத்தான் அடியில் போக வேண்டும். செங்கல், வெட்டுக்கல், தென்னந்தடி எதுவும் வேண்டாம். செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். வாட்டர் சர்வீஸ் கடையில் லிஃப்ட் இருந்தால் அரை நாள் வாடகை பேசிக்கொள்வது இன்னும் நல்லது.

கழுவுவதற்கு முன்னாலேயே ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு சட்டத்தை ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்த இரும்பு மொத்தென்று கேட்கும். அந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை அழுத்திப் பாருங்கள். மேலோடு செதில் மட்டும் உதிர்ந்து அடியில் கெட்டியாக இருந்தால் பிழைத்தது. அமுங்கினாலோ உள்ளே போனாலோ அங்கே பெயின்ட் பேச்சே கிடையாது, வெட்டி எடுத்து வெல்டிங் செய்ய வேண்டும். சஸ்பென்ஷன் ஆர்ம் போல்ட் ஆகும் இடங்கள், ஸ்டீயரிங் ரேக் பிடித்திருக்கும் இடம், குழாய்ச் சட்டங்கள் ஒன்றோடொன்று கூடும் மூலைகள், பெட்ரோல் டேங்கைத் தாங்கும் பட்டைகள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பாருங்கள்.

இந்தக் காரில் எனக்கு அதிகம் பயம் தரும் இடம், ஃபைபர் வந்து இரும்பின் மேல் உட்காரும் இடுக்கு. அங்கே மண்ணும் ஈரமும் போய்ச் சேர்ந்தால் வெளியே வர வழியில்லை. ஃபைபரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலை நன்றாக இருக்கும், நடுத்தண்டு பென்சில் அளவுக்கு மெலிந்திருக்கும். ஒன்றிரண்டைக் கழற்றிப் பாருங்கள். கழற்றும் முந்தின நாள் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். அவசரப்பட்டு ஸ்பேனரைத் திருகினால் போல்ட்டும் ஒடியும், ஃபைபரும் பிளக்கும்.

அப்புறம் பிரேக் பைப். மெல்லிய இரும்புக் குழாய், உள்ளே பிரேக் ஆயில் அழுத்தத்தில் இருக்கிறது. சட்டம் எவ்வளவு துருவேறினாலும் ஒரு நாளில் விழுந்துவிடாது, பிரேக் பைப் ஒரே மிதியில் வெடிக்கும். கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் முதலில் அரிக்கும், அதனால் கிளிப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். செதில் கண்டால் சுரண்டிப் பெயின்ட் அடிக்க நினைக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். தாமிரமும் நிக்கலும் கலந்த குழாய் கிடைத்தால் அதையே போடச் சொல்லுங்கள், அது துருப்பிடிக்காது. பெட்ரோல் பைப்பையும் இதே கண்ணோடு பாருங்கள். இவை இரண்டும் சரியாகும் வரை காரை ஓட்டவே வேண்டாம்.

இனி கழுவுதல். எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதை யாரும் கேட்பதில்லை. கடலோரத்தில் பல வீடுகளின் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரைப் பிரஷரில் அடியில் அடித்தால், உப்பு எட்டாத இடுக்குக்கும் நாமே உப்பை ஏற்றி விடுகிறோம். ஒரு டம்ளர் தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் வற்றக் காய்ச்சிப் பாருங்கள். வெள்ளையாகத் தடித்துப் படிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். வீட்டுக்கு ஆர்ஓ மெஷின் மாட்ட வருகிறவர்களிடம் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும், ஒரு நொடியில் அளந்து சொல்வார்கள். மலையோரம் அருமனை, குலசேகரம் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் காரை டெம்போவில் ஏற்றி அங்கே கொண்டு போய்விடுங்கள் என்றே சொல்வேன். நல்ல தண்ணீரும் கிடைக்கும், உப்புக்காற்றும் இல்லை. மழை மட்டும் அங்கே கொஞ்சம் கூடுதல், நாள் பார்த்துப் போக வேண்டும்.

முதலில் ஆயிலும் கிரீஸும் போக டிகிரீசர் அடித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவுங்கள். அப்புறம் காய்ந்த மண்கட்டிகளை மரக்குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுப் பிரஷர் வாஷ். வீல் பேரிங், டிரைவ் ஷாஃப்ட் பூட், எலக்ட்ரிக் கனெக்டர், ரேடியேட்டர் பக்கம் கிட்டப் பிடித்து அடிக்காதீர்கள். கடைசியில் பிரஷர் இல்லாத சாதாரண ஹோஸை எடுத்து, சட்டக் குழாய்களில் துளை இருக்கும் இடமெல்லாம் உள்ளே தண்ணீர் விடுங்கள். கீழே வடிகால் துளை அடைத்திருந்தால் கட்டுக்கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். முதலில் காபி நிறத்தில் வரும். தெளிவாக வரும் வரை விட்டுக்கொண்டே இருங்கள். தெளிந்த பிறகும் இன்னொரு முறை விடுங்கள், ஏனென்றால் உப்புக்கு நிறம் கிடையாது. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர் யாராவது பழக்கம் என்றால், கடைசியாக வடியும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடச் சொல்லுங்கள். நீங்கள் கழுவப் பயன்படுத்திய தண்ணீரையும் கூடவே கொண்டு போங்கள். அதைவிடப் பால்போல் கலங்கினால் இன்னும் உப்பு இருக்கிறது என்று அர்த்தம்.

வாட்டர் சர்வீஸ் கடையில் கழுவி முடித்ததும் அடியில் டீசல் அடித்துக் கறுப்பாக மினுங்க வைத்துத் தருவார்கள். கேட்டு நிறுத்திவிடுங்கள். டீசல் சீக்கிரம் போய்விடும், ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், தூசியைப் பிடிக்கும். அதைவிட, அடுத்து அடிக்கப்போகும் பிரைமர் ஒட்டாது.

காய்வதற்கு நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் வேண்டும். கம்ப்ரசர் காற்றைக் குழாய்களுக்குள் விட்டால் சீக்கிரம் காயும். நமக்குத்தான் ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை, இடையில் கோடை மழை. ஜனவரி பாதியிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். உங்களுக்கு அவசரமாகத் தோன்றலாம். ஆனால் மழைக்காலத்தில் அரைகுறையாகச் செய்வதைவிட, இப்போதைக்குக் கழுவி, காய வைத்து, மெல்லிய மெழுகு ஸ்பிரே ஒன்றை அடித்துவிட்டு ஜனவரிக்குக் காத்திருப்பது மேல். பெயின்ட் அடிக்கும் முன் டர்பன்டைனில் அதைத் துடைத்து எடுத்துவிடலாம்.

மச்சானின் கிரைண்டருக்கு வருகிறேன். அவர் வேலைக்காரர், அவரைக் கைவிடாதீர்கள், ஆனால் கையைக் கட்டுப்படுத்தச் சொல்லுங்கள். கல் டிஸ்க் போட்டால் துருவோடு நல்ல இரும்பும் போகும். குழாய்ச் சட்டத்தில் அப்படி இழக்க நமக்கு அதிகமில்லை. கம்பி கப் பிரஷ் போட்டால் வேறொரு தொல்லை: துருவை நீக்காமலேயே மெருகேற்றி இரும்பு நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும், பார்த்தால் சுத்தமாகத் தெரியும். கெட்டியான செதிலைச் சுரண்டியாலும் உளியாலும் தட்டி எடுத்துவிட்டு, நார்போல் இருக்கும் ஸ்ட்ரிப்பிங் டிஸ்க் போடுவதுதான் சரி. மூலைகளுக்கு உப்புத்தாளும் கையும்தான். கண்ணாடியும் மாஸ்க்கும் இல்லாமல் மல்லாந்து படுத்து இந்த வேலையைச் செய்யக் கூடாது. தீப்பொறி பெட்ரோல் பைப் பக்கமோ ஃபைபர் பக்கமோ போகாமல் மறைப்பு வையுங்கள். ஃபைபரில் இருக்கும் பாலியெஸ்டர் ரெசின் பற்றினால் நன்றாகவே எரியும், புகையும் மோசம்.

சேண்ட் பிளாஸ்டிங், அதாவது காற்றழுத்தத்தில் மணலை அடித்துத் துருவை எடுப்பது, பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். உடம்பைச் சட்டத்திலிருந்து முழுசாகக் கழற்றினால் அதைவிட நல்ல வழி இல்லை. கழற்றாமல் செய்தால் மணல் ஃபைபரைத் தின்றுவிடும். கடற்கரை மணலை அள்ளிவந்து அடிப்பவர்களிடம் கொடுக்காதீர்கள். அந்த மணலிலேயே உப்பு, அந்தத் தூசி நுரையீரலுக்கும் ஆபத்து. பிளாஸ்டிங்குக்கு நல்ல பொருள் கார்னெட் என்ற கெட்டியான தாதுமணல். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் தாதுக்களில் அதுவும் ஒன்று என்பது நம் ஊர்க்காரர்கள் பலருக்கே தெரியாது.

வெறும் இரும்பு தெரிந்துவிட்டால் அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். ஒரு ராத்திரி கூடத் திறந்து கிடக்கக் கூடாது, காலையில் பார்த்தால் மஞ்சள் பூத்திருக்கும். அதனால் முழுச் சட்டத்தையும் ஒரேயடியாகச் சுரண்டாமல், முடிக்க முடிகிற அளவுக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாத குழிகளில் மீதித் துரு இருந்தால் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வர்ட்டர் தடவலாம். அது மெல்லிய துருவைக் கறுப்பாக்கி நிலைநிறுத்தும். செதிலை ஒன்றும் செய்யாது. டப்பாவில் சொன்ன நேரம் விட்டு, மிச்ச அமிலத்தைத் துடைத்துக் கழுவிக் காய வைத்த பின்பே அடுத்தது, ஏனென்றால் அடுத்து அடிக்கப்போகும் எபாக்ஸி பிரைமருக்கு அமிலம் ஆகாது.

ரெட் ஆக்சைடு வீட்டுக் கேட்டுக்கும் கிரில்லுக்கும் போதும், கடலோரத்தில் காருக்கு அடியில் போதாது. இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர் வாங்குங்கள். சுத்தமான வெறும் இரும்பு கிடைத்த இடத்தில் துத்தநாகம் நிறைந்த பிரைமர் அடிக்கலாம், துரு மிச்சம் இருக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. மேலே இரண்டு கோட் எபாக்ஸி பெயின்ட், வெளிர் சாம்பல் நிறத்தில். எல்லாரும் கறுப்புதான் அடிப்பார்கள். கறுப்பு எதையும் காட்டிக்கொடுக்காது. சாம்பலில் துருவின் முதல் பொட்டே கண்ணில் படும்.

அப்பா சொன்ன துத்தநாகக் கட்டிக்கு இங்கேதான் பதில். படகில் அந்தக் கட்டி ஏன் வேலை செய்கிறது? கட்டியும் இரும்பும் ஒரே கடல்நீரில் மூழ்கியிருக்கின்றன. தண்ணீர் வழியாக மின்சாரம் சுற்றுகிறது, இரும்புக்குப் பதில் துத்தநாகம் கரைகிறது. கார் நிற்பது காற்றில். ஒரு மூலையில் கட்டியை மாட்டினால் அதைத் தொட்டிருக்கும் ஓரிரு அங்குலத்துக்குத்தான் பலன். அதே துத்தநாகத்தைப் பொடியாக்கிப் பெயின்ட்டில் கலந்து இரும்பு முழுக்கப் பூசினால் எங்கே ஈரம் பட்டாலும் பக்கத்திலேயே துத்தநாகம் இருக்கும். அப்பாவின் யோசனை தப்பில்லை, தரையில் அது பிரைமராக மாறுகிறது, அவ்வளவுதான். பேட்டரியில் மாட்டும் எலக்ட்ரானிக் துருத் தடுப்புப் பெட்டி என்று விற்கிறார்களே, காற்றில் நிற்கும் காரில் மின்சாரம் எதன் வழியாகச் சுற்றும் என்று அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

ரப்பர் கோட்டிங் புதுக் காருக்குக் கெட்டதல்ல. சுத்தமான பெயின்ட்டின் மேல் அடித்தால் கல் தெறிப்பைத் தாங்கும், சத்தமும் குறையும். உங்கள் சட்டத்தில் இப்போது அதை அடித்தால், புண்ணைக் கழுவாமல் பிளாஸ்திரி ஒட்டியது போலத்தான். கல் பட்டு ஒரு இடத்தில் விரிசல் விடும், அந்த வழியே உப்புத்தண்ணீர் உள்ளே போகும், வெளியே வராது. மேலே கறுகறுவென்று அழகாக இருக்கும். ஐந்து வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று சொன்னார்கள் அல்லவா, எனக்கு அந்தப் பேச்சில்தான் வருத்தம். கடற்கரைக் காரை வருஷா வருஷம் பார்க்க வேண்டும்.

கரி ஆயிலை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். நம் பக்கத்து லாரிகள் பலவற்றின் அடிச்சட்டம் அதில்தான் பிழைத்திருக்கிறது. எண்ணெய்ப் படலம் தண்ணீரைத் தள்ளும், அது உண்மை. ஆனால் எஞ்சினில் வெந்த எண்ணெயில் அமிலமும் கரியும் இருக்கின்றன. தோலுக்கு ஆகாது, ரப்பர் புஷ்ஷைக் கெடுக்கும், சைலன்சரில் பட்டால் புகையும், வீட்டு முற்றத்தில் சொட்டிக் கிணற்றுக்கும் போகும். அது செய்யும் நல்ல காரியத்தை மட்டும் செய்யும் பொருள் இருக்கிறது: மெழுகு அல்லது லானோலின், அதாவது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு, கலந்த துருத் தடுப்பு ஸ்பிரே. காய்ந்தாலும் கெட்டியாகாமல் லேசாகப் பிசுபிசுக்கும், கீறல் விழுந்தால் தானே கொஞ்சம் பரவி மூடும், அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியும். சட்டக் குழாய்களுக்கு உள்ளே அடிக்க, நீண்ட வளையும் குழலோடு வரும் கேவிட்டி வாக்ஸ் தனியாக உண்டு. உங்கள் காருக்கு வெளிப்பூச்சைவிட இதுதான் முக்கியம், குழாய் உள்ளிருந்துதான் அரிக்கும். துளைகளில் மெழுகு சொட்டத் தொடங்கினால் உள்ளே போய்ச் சேர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். சொட்டி முடிந்ததும் வடிகால் துளையை மறுபடி கம்பியால் திறந்துவிடுங்கள்.

பிரேக் டிஸ்க், பேட், டிரம், சைலன்சர், அதில் இருக்கும் சென்சார், ரப்பர் பூட் இவற்றில் எதுவும் படக் கூடாது. பாலிதீன் கவரும் டேப்பும் போட்டு மூடிக்கொள்ளுங்கள். சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும் இடத்தில் கிரைண்டரும் போகக் கூடாது, தடித்த பெயின்ட்டும் ஏறக் கூடாது. 2001 கார் என்றால் பதிவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் ஆர்டிஓ ஆபீஸில் பார்ப்பார்கள், பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து நம்பர் எடுக்க வேண்டி வரும். எழுத்து அழிந்திருந்தால் அப்புறம் அலைச்சல் உங்களுக்குத்தான். கேரளப் பதிவை நம் டிஎன் பதிவாக மாற்ற வேண்டியிருந்தால் அந்த வேலையை முடித்துவிட்டே பெயின்ட்டைத் தொடுங்கள்.

வீட்டில் செய்யலாமா என்றால், கழுவுவது, சுரண்டுவது, மெழுகு அடிப்பது மூன்றையும் செய்யலாம். எபாக்ஸியை ஸ்பிரே கன்னில் அடிப்பதானால் சரியான ஃபில்டர் மாஸ்க்கும் காற்றோட்டமும் வேண்டும், இல்லாவிட்டால் பிரஷ்ஷிலேயே தடவுங்கள், அடியில் யாரும் அழகு பார்க்கப் போவதில்லை. வெல்டிங் மட்டும் பட்டறையில்.

இதெல்லாம் முடிந்த பின், வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அடியைக் கழுவி விடுங்கள். மீன் லாரிக்குப் பின்னால் போகாதீர்கள், ஐஸ் உருகி ஒழுகும் அந்தத் தண்ணீரில் உப்பு இருக்கிறது. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், துணிக் கவர் வாங்குங்கள். சொத்தவிளைக் கடற்கரையில் மணலில் இறக்கிப் போட்டோ எடுக்கும் ஆசை இருந்தால் அதை விட்டுவிடுங்கள். வருஷா வருஷம் வடகிழக்கு மழை முடிந்ததும் ஜனவரியில் ஒரு நாள் ஒதுக்கிக் கழுவி, பார்த்து, மெழுகைப் புதுப்பியுங்கள்.

இப்போதைக்கு ரப்பர் கோட்டிங் கடைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்ததை எனக்கு எழுதுங்கள். பின் சஸ்பென்ஷன் போல்ட் ஆகும் இடங்களில் ஸ்குரூ டிரைவர் உள்ளே போனால், மச்சான் வெட்டத் தொடங்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்து, அந்த அளவுகளையும் சேர்த்து அனுப்புங்கள். இந்தக் காருக்குப் புதுச் சட்டம் எங்கேயும் வாங்க முடியாது. வெட்டியபின் அது அரை அங்குலம் நகர்ந்தாலும் வண்டி நேராக ஓடாது.